சங்கு ஊதியும் விடாத கயிறு

ஆட்டுக்குக் கயிறு வாங்க உக்குவளைக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் புதுத் தும்புக் கயிற்றுச் சுருளை மேசையில் போட்டதும் அந்த வாடை மூக்கில் ஏறியது. உடனே உன் நினைப்பு. தனியாக நின்று சிரித்தேன். "என்னக்கா, கயித்தப் பாத்து சிரிக்கிறீங்க?" என்றார். அவருக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

கலவரம் ஓய்ந்து, நம் தேயிலைத் தோட்டம் பயந்து பயந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்த வருடம். பொங்கல் விளையாட்டுப் போட்டியில் ஆண்களுக்கு ஓட்டம், வழுக்குமரம், கயிறிழுத்தல். நமக்குக் கரண்டியில் தேசிக்காய் வைத்து நடப்பது மட்டும். நீதான் தோட்டத் தலைவரிடம் நேரே போனாய். "கொழுந்துக் கூடையத் தலையில தொங்கப்போட்டு நாள் பூரா மலை ஏறுறோம். கயிறு இழுக்க எங்களுக்குத் தெம்பில்லையாங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஒரு வருசம் பாப்போம். ஆளுங்க சிரிக்கிற மாதிரி ஆச்சுன்னா மறுபடியும் தேசிக்காதான்."

இரண்டு வாரம், வேலை முடிந்ததும், நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் பலாமரத்தில் கயிற்றைக் கட்டி இழுத்தோம். மரம் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. உன் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நீ கயிற்றின் நுனியை அவர் கையில் கொடுத்தாய். அடுத்த நிமிடம் அவர் வாய்க்காலில் கிடந்தார்.

போட்டியன்று நாம் மேல்மலை ஒன்பது பேர், எதிரே கீழ்மலை ஒன்பது பேர். கடைசி ஆள் நீ, உனக்கு முன்னால் நான். இழுபறி உச்சத்தில் இருக்கும்போது, லீவு நாளென்பதை மறந்து, தொழிற்சாலை வாச்சர் பழக்கதோஷத்தில் நாலு மணிச் சங்கை ஊதிவிட்டார்.

சங்கு கேட்டால் கொழுந்து நிறுக்க ஓட வேண்டும். அதற்கு நம் கைகள் நம்மைக் கேட்பதில்லை. பதினேழு பேரும் கயிற்றை விட்டுவிட்டு, தலையில் இல்லாத கூடையை இறக்க நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனோம். நீ மட்டும் விடவில்லை. தொபுக்கென்று மல்லாந்து விழுந்தாய். எழுந்தாய், சேலையைத் தட்டினாய், முழுக் கயிற்றையும் ஒற்றை ஆளாக நம் பக்கம் இழுத்துக்கொண்டு போனாய்.

மைதானமே உருண்டு சிரித்தது. எல்லாம் போயிற்று என்று எனக்கு அழுகை வந்தது. நீ கயிற்றைத் தலைவர் காலடியில் போட்டாய். "கயிறு எங்க பக்கந்தானேங்க இருக்கு? தப்பு வாச்சர் மேல. அடுத்த வருசம் சங்கப் பூட்டி வச்சிட்டு எங்கள விடுங்க."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சிரிச்சா நிப்பாட்டுறேன்னு சொன்னேன். ஆனா நான் இப்புடிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு! சரி, வருசா வருசம் வைப்போம்."

திரும்பும் வழியில், சங்கு கேட்கவில்லையா என்று உன்னிடம் கேட்டேன். "கேட்டுச்சு. இன்னிக்கு லீவுன்னு ஞாபகமும் இருந்துச்சு. அவளுக விட்டாளுக சரி, நீயுமாடி விடுவ?" கல்யாண வீடு, சாவு வீடு என்று பாராமல் அதற்குப் பிறகு எத்தனை வருடம் இதையே கேட்டு என் மானத்தை வாங்கினாய்!

போன வாரம் உன் பெட்டியைக் குழியில் இறக்கக் கயிறு போட்டார்கள். ஒரு நுனியை நான் பிடித்தேன். பொம்பளைக்கு இதெல்லாம் எதற்கு என்று யாரோ முணுமுணுத்தார்கள். "பெரியம்மா புடிக்கட்டும்" என்றான் உன் மகன். பெட்டி பாதி இறங்கியபோது நாலு மணிச் சங்கு ஊதியது. சுற்றி நின்றவர்களில் இரண்டு மூன்று பேருக்குக் கை நெற்றிக்குப் போனதைப் பார்த்தேன். என் கையும் துடித்தது.

விடவில்லையடி. உள்ளங்கை இன்னும் காந்துகிறது.