வீராசாமியரின் ஊர்

ஹேர்னிங்

அன்புள்ள மகள் சாரங்கிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் சுகம். மொரிசியசில் நீயும் நீ கலியாணம் கட்டப்போகிற வீட்டாரும் சுகமாயிருக்க அம்பாளை வேண்டுகிறேன். நான் எடுத்தால் நீ போனைத் தூக்குவதில்லை, அதனால்தான் கடிதம்.

இங்கே டென்மார்க்கில் இன்னும் பனி. முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் லீவு, வேலை முழுக்க என் தலையில். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, வாய்தான் குறையவில்லை.

அன்று வீடியோவில் அவர் உன் மாமனார் வீராசாமியரிடம் ஊர் கேட்டது பிழைதான். எங்கள் ஆட்கள் கலியாணம் என்றால் முதலில் ஊரைத்தான் கேட்பார்கள். ஊர் தெரிந்தால் ஆள் பிடித்துக் குடும்பத்தை விசாரித்துவிடலாம். சாதியும் அதற்குள் வந்துவிடும், ஒளிப்பானேன். வீராசாமியர் மொரிசியஸ் என்றார். அதற்கு முதல் எது என்று இவர் விடவில்லை. கரும்பு வெட்டக் கப்பலில் கொண்டுவந்தார்கள், அதற்குமேல் தெரியாது என்று அவர் பிரெஞ்சில் சொல்ல, நீ தமிழில் சொன்னாய்.

"ஊர் தெரியாத ஆக்களை என்னெண்டு விசாரிக்கிறது? நான் கலியாணத்துக்கு வரேல்லை" என்றார் இவர். நீ போனை வைத்துவிட்டாய்.

பிறகு நூலகத்திலிருந்து அந்தத் தீவின் சரித்திரத்தை எடுத்து வந்தார். குற்றம் பிடிக்கத்தான் என்று நினைத்தேன். சாப்பிடும்போது ஒவ்வொன்றாய்ச் சொன்னார். வந்தவர்களின் தகப்பன் பெயரையே வெள்ளைக்காரன் குடும்பப் பெயராக எழுதிவிட்டானாம். தமிழ் வாயில் இல்லாமற்போன பிறகும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்களாம். இங்கே நகரசபைக் கொமூனும் உங்கள் பெயரைப் பிடித்து எங்கள் எல்லாரையும் தவராஜா என்றுதானே எழுதி வைத்திருக்கிறது என்றேன். பக்கத்தில் விளையாடிய உன் அண்ணன் மகளிடம், உன் ஊர் எது என்று கேட்டார். அது டேனிஷில், ஹேர்னிங் என்றது. அதற்கு முதல் எது என்று அவர் கேட்கவில்லை.

நேற்று கோல்டிங்கிலிருந்து தேவராசா மாமா எடுத்தார். மணவறையில் தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்க்க நீ அவரைக் கேட்டாயாம். ஸ்பீக்கரில் அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பி அறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால் பட்டுவேட்டியை அயன் பண்ணிக்கொண்டிருக்கிறார். கலியாணம் வைகாசியில், இப்போது எதற்கு என்றேன். சும்மா என்றார்.

அவராக எடுக்கமாட்டார், தெரியும்தானே. வீராசாமியரிடம் சொல்லி, அப்பாவை ஒரு சொல் வாருங்கள் என்று கூப்பிடச் செய். மாமாவுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு மகள். உன்னைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தகப்பன் இருக்கிறார்.

நீங்கள் இரண்டு பேரும் நல்லாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா பரமேஸ்வரி