இஞ்சினுக்குள் சேவல் துண்டு

கிளேட்டன்,

சோள சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிக் குடி. பாத்திரம் கழுவும் இயந்திரத்தை மட்டும் தொடாதே. பிஸ்டன்களை அதில் போட்டுக் கழுவினாயே, அன்றிலிருந்து காப்பிக் கோப்பையெல்லாம் கிரீஸ் வாடை.

நேற்று நான் கதவை அறைந்து சாத்தியது தப்புதான். அதற்காக நீ செய்வதெல்லாம் சரியாகிவிடாது. அந்தப் பழைய காரின் இஞ்சினைக் கழற்றும்போது எந்தப் பாகம் எங்கே இருந்ததென்று ஒரு குறி போட்டாயா? கேட்டால், "எல்லாம் ஞாபகம் இருக்கு மார்லிஸ், நீ சும்மா இரு" என்கிறாய். மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற ஆள் நீ.

மதியம் என் அண்ணன் டுவேன் வருவான். அவன் எதிரில் வண்டியைக் கிளப்பிக் காட்டத் துடிக்கிறாய். வேண்டாம். இன்று துணி மடிக்கும்போது சேவல் படம் போட்ட துண்டைக் காணவில்லை. தூசி விழக்கூடாதென்று இஞ்சினுக்குக் காற்று போகும் துளையில் அதைத்தானே அடைத்தாய்? எடுக்காமலே மேலே மூடி முடுக்கிவிட்டாய் என்று என் மனம் சொல்கிறது. கிளப்பினால் துண்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். குளிர்காலம் முழுக்க நீ பட்ட பாடு வீண். டுவேனையும் வைத்துக்கொண்டு கழற்றிப் பார். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நம் மகள் ஜெனெலோடு டோலிடோவுக்குப் போகிறேன், அவள் கல்யாண கவுனை வாங்கி வர.

மார்லிஸ்

சாவியைத் தேடாதே. என் கைப்பையில் இருக்கிறது.

இன்னொன்று. சனிக்கிழமை சர்ச்சுக்கு அந்த வண்டியில்தான் போவேன் என்று ஜெனெல் வேறு கார் சொல்லவே இல்லை. "அப்பா முடிச்சுடுவாராம்மா?" என்று கேட்டாள். "முடிச்சுடுவாரு" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.