குடை விற்காத மழை

என் வீட்டுக்காரிக்கு,

நீயும் பிள்ளைகளும் நலமா? உன் முட்டிவலி தேவலையா? எனக்கு உடம்புக்குக் குறைவில்லை.

ஒன்பது மாதம் சொட்டுக்கூட விழாத ஊர் இது. மழைக்காலம் பிறந்ததும் விற்றுவிடும் என்று கடை நிறையக் குடை அடுக்கியிருந்தேன். நேற்று மழை வந்தது. தெருவே வெளியே வந்து நின்று நனைந்தது. நான் குடையை விரித்து விரித்துக் காட்டினேன்.

"அண்ணே, வருஷத்துக்கு நாலு மழை. அதையும் மறைக்கச் சொல்றீங்களே" என்றார் பக்கத்துக் கடைத் தையல்காரர். நானும் சிரித்துவைத்தேன்.

நம் ஊர்க் கணக்கை இங்கே போட்டது என் தப்பு. இந்த மாதத்தோடு கடையை விட வேண்டியதுதான். யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது.

முன்னறையை ஒழித்து வை. எண்ணூறு குடைகளும் நானும் வருவோம். பிள்ளைகளிடம் இப்போது சொல்லாதே.

வெளியே மறுபடி தூறுகிறது. ஒருவராவது கேட்கமாட்டாரா என்று கடையைத் திறக்க ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரர்