ஒரே தாளில் முப்பத்தெட்டுக் கயிறுகள்

காசிமேட்டுக் கடல்மேல் சத்தியம் செய்துவிட்டு, ஈரேழு உலகத்திலும் எவரும் நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன், தோஸ்து. இன்று காலை பிரிண்டர் இரண்டாவதாக ஒரு தாளைத் துப்பியது. அதில் ஒரே ஒரு வரிசை, மீதியெல்லாம் வெள்ளை. சூடு ஆறாத அந்தத் தாளோடு நின்றபோதுதான் உனக்கு எழுதத் தோன்றியது.

நம் துறைமுக யார்டில் கிரேன் கயிறுகளை வாராவாரம் சோதிப்பவன் நீ. பார்த்ததைப் போனில் டைப் அடித்து அனுப்புவாய். அது கம்ப்யூட்டரில் தானாகவே அட்டவணையாகி, அறிக்கையாக வரும். அந்த அட்டவணைக்குச் சக்கரவர்த்தி நான். "எல்லாம் ஒரே பக்கத்துல வரணும்" என்று மேனேஜர் ஆணையிட்டதும், கட்டங்களுக்குள் எழுத்தைச் சுற்றியிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சினேன். ஒவ்வொரு வரிசைக்கும் உயரம் இவ்வளவுதான் என்று பூட்டுப் போட்டேன். முப்பத்தெட்டுக் கயிறுகளும் ஒரே தாளில் அடங்கின. இன்னும் கொஞ்சம் நெருக்கியிருந்தால் ராயபுரத்தையே குடித்தனத்தோடு அதில் ஏற்றியிருப்பேன்.

ஒரே ஒரு சங்கடம். பூட்டிய கட்டத்தில் இரண்டாவது வரி வந்தால் அது அழியாது, கோட்டுக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். அச்சில் வராது. யார் அவ்வளவு எழுதப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

நீ எழுதுவாய். திருவொற்றியூரில் தொடங்கினால் எண்ணூரில்தான் உன் குறிப்பு முடியும். அதுவும் நல்லதிலிருந்துதான் தொடங்குவாய். குழம்பில் உப்பே இல்லையென்றாலும் முதலில் மீனைப் புகழ்கிற ஆள். "மொதல்ல நல்லத சொல்லு மாமு. அப்பாலிக்கா கொறைய சொன்னாதான் கேக்கறவன் காது குடுப்பான்" என்பாய். பதினேழு வருஷத்தில் கெட்ட கயிறு ஒன்றைக்கூட நீ விட்டதில்லை. உன் சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

நான் பூட்டுப் போட்ட அந்த வாரமே ஒன்பதாவது கயிறு அறுந்தது. மெஷின் பெட்டி விழுந்து, கீழே நின்று சிக்னல் காட்டியவரின் பாதம் நசுங்கியது.

மேனேஜர் அறையில் அறிக்கையை விரித்துவைத்துக் கர்ஜித்தார். துறைமுகத்தில் நின்ற கப்பல்களெல்லாம் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடின.

"'கயிறு பாக்க நல்லா கீது, கிரீஸும் போட்டுகீது'ன்னு நீதானய்யா எழுதின?"

"அதுக்கப்பால இன்னொரு வரி போட்டேன் சார். ஹூக்காண்ட மூணு இழை அறுந்துகீதுன்னு."

"எங்க? காட்டு பாக்கலாம்."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அனுப்பிய குறிப்பு போனில் தங்காது. கடைசியில் என்னைப் பார்த்தாய். "மாமு, இன்னா கம்முனு நிக்கிற? நீ சொல்லு."

"பேப்பர்ல இல்லியேபா" என்றேன். அது பொய்யில்லை. தாளில் இல்லைதான்.

வேலை போனது பெரிதில்லை. அறுந்த கயிற்றுக்குப் பாஸ் போட்டவன் என்று, உன் தெருவிலேயே உன்னைக் "கயிறு பாஸு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டீக்கடைக்குப் போவதை நிறுத்தினாய். என் வூட்டுப் பக்கமும் வரவில்லை. போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

எடுக்கும் முன் உன் சம்சாரம் என்னைப் பந்தலுக்கு வெளியே கூப்பிட்டாள். அழவில்லை. "அண்ணே, நீயாவது சொல்லு. அவுரு மெய்யாலுமே எழுதுனாரா?"

ஊர்க்கதையெல்லாம் அளக்கும் இந்த வாய், "மறந்துபோச்சும்மா" என்றது.

இப்போது எந்த வரிசையையும் நான் பூட்டுவதில்லை. தாள் பெருகிக்கொண்டே போகிறது. "ஒரு வரிக்கு ஒரு பேப்பரா?" என்று மேனேஜர் கத்துகிறார். கத்தட்டும். யாருக்கு என்ன லாபம்? உனக்கில்லை.

கப்பல் ஓடியது பொய். ராயபுரம் பொய். சக்கரவர்த்தி என்றது மகா பொய். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். மேனேஜர் நம்மைக் கூப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால், கம்ப்யூட்டரில் ஒன்பதாவது வரிசையின் கோட்டைக் கீழே இழுத்துப் பார்த்தேன். "ஆனா ஹூக்காண்ட மூணு இழை அறுந்துகீது. தூக்கக் கூடாது." நீ எழுதியது முழுசாக இருந்தது. கோட்டை மறுபடி மேலே தள்ளிவிட்டுத்தான் உன் பக்கத்தில் வந்து நின்றேன்.