கோணினாலும் என் எழுத்து

சேசு மரி சூசை
ராயப்பன்பட்டி

அன்பு மகள் ஞானசெல்விக்கு,

உயிரோடும் வாயோடும் இருக்கும் உன் அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்தபடி உடுத்தி நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். போன கடிதத்தைப் பக்கத்து வீட்டு உமாதேவி டீச்சரிடம் சொல்லி எழுதவைத்தேன், கையெழுத்து மாறியதைப் பார்த்து அவளிடம் போனில் எல்லாவற்றையும் கறந்துவிட்டாய். ஆமாம், நெறிக்கட்டியில் புற்றுநோய்தான், மதுரையில் ஊசி போடுகிறார்கள். அதற்காக ஆராய்ச்சியை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாயே, அதை நான் ஒப்பவில்லை.

ஊசி என்ன செய்யும் என்று டாக்டர் தம்பியைக் கேட்டதற்கு, "அதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கும்மா, தெம்பா இருங்க" என்றார். நீ சொல்லித்தந்ததை நானே சொன்னேன். செல் இரண்டாகும்போது ஒரு புரதத்தைக் கோத்து நூல் நூற்கும் கதிர்போல இழை கட்டும், அந்த இழைகள்தான் குரோமோசோம்களை இருபுறமும் சரிபாதியாக இழுக்கும், இந்த மருந்து அந்தப் புரதத்தைப் பிடித்துவைப்பதால் இழை கட்டமுடியாமல் செல் பாதியில் நின்று சாகும், அந்தக் கதிரை எப்போது கட்டுவது எப்போது இழுப்பது என்று கட்டளையிடும் புரதங்களைத்தான் என் மகள் ஆராய்கிறாள் என்று. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதே இழைகள் நரம்புக்குள்ளும் இருப்பதால்தான் என் விரல்கள் மரத்துப்போகின்றன என்பதை அதன்பிறகுதான் சொன்னார்.

மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருகிறது என்று வீட்டில் சொன்னது என் தவறு. உன் சித்தப்பா ஞானதுரை ஒரு கட்டுச் செடியோடு வந்து நின்றார். "அண்ணன் கல்லறையிலயே பூத்துக் கெடக்கு மதினி, அரைச்சுக் குடிக்காம எதுக்கு மதுரைக்கு அலையிறீக? பொம்பளப்புள்ள தாயப் பாக்காம சீமையில என்னத்தப் புடுங்குது?" என்றார். "புடுங்குனது நீங்கதான் கொழுந்தனாரே, இருந்த எடத்துலயே நட்டுட்டு வாங்க" என்றேன். காப்பி குடிக்காமல் போனார். மறுநாள் ஒரு பெட்டி திராட்சை அனுப்பினார், அதைத் தின்றேன்.

ரவிக்கைக் கொக்கி மாட்ட வெகுநேரம் ஆகிறது, ஆகட்டும், வீட்டு வேலைக்கு வரும் மூக்கம்மாளை மாட்டவிட மாட்டேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் இப்படிச் சரிந்த எழுத்துக்கு முட்டி போட வைப்பார்கள். ஆனாலும் இனி யாரிடமும் சொல்லி எழுதவைக்கப்போவதில்லை. புற்றின் கதிரைக் குலைத்து நரம்பை விட்டுவைக்கிற மருந்துக்கு உங்கள் கூட்டத்தார்தான் வழி கண்டுபிடிக்கவேண்டும். கஞ்சி காய்ச்ச இங்கே ஆள் இருக்கிறது. ராஜினாமா கொடுத்திருந்தால் திரும்ப வாங்கு. கிறிஸ்துமஸுக்கு விருந்தாளியாக வா, திரும்பிப்போகும் டிக்கெட்டோடு வா.

மாதா உன் கையையும் கண்ணையும் காப்பாற்றட்டும். உறையில் முகவரியையும் நானேதான் எழுதுகிறேன். இது உன்னிடம் வந்துசேர்ந்தால், என் எழுத்து இன்னும் படிக்கும்படிதான் இருக்கிறது.

உன் அம்மா
மதலேனாள்