குழை தின்னாத ஆடு

அன்பு மகள் பிரியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நான்கு ஆடுகளும் சுகம், அங்கே ஸ்வீடன் குளிரில் நீயும் சுகமாக இருந்து வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி மேற்கொண்டு எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. பந்தல்குடிப் பக்கம் ஒரு மழை பெய்தது, நம் ஊர் எல்லைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. மில்லில் எனக்கு வாட்ச்மேன் வேலையை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

நீ செய்த கேமைப் பற்றிப் போனில் கேட்டால் நல்லாருக்கு நல்லாருக்கு என்றே சொல்கிறேன், அதனால் நிறை குறையை மறைக்காமல் காகிதத்தில் எழுது என்று சொல்லியிருந்தாய். பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு தடவை எழுதியவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். உங்கள் ஆபீஸில் கேமில் வருகிற அந்த ஆட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பாறாங்கல்லை வைக்கச் சொல்கிறார்கள், விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாம் ஆட்டைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறார்களாம், கல்லென்றால் வேலையும் மிச்சமாம், ஆடு இருக்கட்டும் என்று சொல்ல நீ ஒருத்திதானாம், மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். நீ முதன்முதலாக உன் பேர் போட்டுச் செய்தது ஆட்டோடு வெளியே வருமா கல்லோடு வருமா என்பது என் கையில் இருப்பதாக நினைத்து உன் அம்மா எனக்குப் புதுப் பேனா வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

நிறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கரிசல் மண் வெடித்துக் கிடப்பதை அப்படியே கொண்டுவந்துவிட்டாய், வேலிக்கருவையில் காற்று மோதுகிற சத்தம் நீ அனுப்பிய டேப்லெட்டிலிருந்து வருகிறதா வெளியிலிருந்து வருகிறதா என்று இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன். மழையை யாரோ ஒரு அறையில் பூட்டி வைத்துவிட்டார்கள், ஒரு சின்னப்பிள்ளை வறண்ட ஓடை வழியே அதைத் தேடிப் போகிறாள் என்ற கதையும் பிடித்தது, யாரும் வாயைத் திறக்காமலே எல்லாம் புரிகிறது, நம் வீட்டில்கூட அப்படி நடந்ததில்லை. தாவுவதற்கு முன்னால் அவள் பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொள்வதைப் பார்த்து உன் அம்மா, "ஏங்க, இது நம்ம பிரியால்ல" என்றாள். எந்த மடையை முதலில் திறப்பது என்று யோசிக்க வைக்கிற இடம் அருமை, சின்ன வயதில் மடை திறந்துவிட்டவன் என்ற திமிரில் நான் தப்பானதைத் திறந்து அந்தப் பிள்ளையைப் பலமுறை மூழ்கடித்துவிட்டேன், மன்னித்துக்கொள். குறை என்றால் பட்டன் சின்னது, என் கட்டைவிரல் பெரிது, தாவச் சொன்னால் நடக்கிறாள், இது உன் குறையா நான் பிறந்த குறையா தெரியவில்லை. இன்னொன்று, வலப்பக்கம் போய்க்கொண்டே இருக்கலாம், கடந்துபோன இடத்துக்குத் திரும்பி வர வழியில்லை.

இனி ஆட்டுக்கு வருகிறேன். இரண்டாவது லெவலில் பள்ளத்துக்கு மேலே பலகை, அதன் ஒரு முனையில் ஆட்டைக் கட்டினால் மறுமுனை தூக்கும், அதில் ஏறி அக்கரைக்குத் தாவ வேண்டும் என்பது எனக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது, அந்தப் பெருமையில் தாவப் போனேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆட்டக் கட்டிப் போட்டுட்டு நீங்க பாட்டுக்குப் போறீக? வெயிலு இந்த அடி அடிக்குது, தண்ணியுமில்ல தழையுமில்ல" என்றாள். இது கேம் என்றேன். "கேமுன்னா ஆட்டுக்குப் பசிக்காதாக்கும்" என்றாள். அதிலிருந்து ஒரு வாரம், நான் ஷிப்ட் முடிந்து வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆட்டையும் அக்கரை சேர்க்கப் பார்த்தோம், அவிழ்த்தால் பலகை சாய்கிறது, பிள்ளை விழுகிறாள், ஆடு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை என் தங்கை ராஜேஸ்வரி மகன் பாண்டீஸ்வரன் லாரியில் லோடு இறக்கிவிட்டுச் சாப்பிட வந்தான், வந்தவன் உட்கார்ந்த உட்காரில் கேமையே முடித்துவிட்டான். மழை கொட்டுகிற முடிவு நன்றாக இருக்கிறதாம், கடைசி இரண்டு லெவல் மட்டும் கடை சாத்துகிற அவசரத்தில் ஓடுகிறதாம், அதையும் குறித்துக்கொள். உன் அம்மாவுக்கு முடிவெல்லாம் காதில் ஏறவில்லை. "ஏண்டா பாண்டி, ஆட்ட என்னடா பண்ணுன" என்று கேட்டாள். "அத்த, அது படம் அத்த, கல்லா இருந்தா என்ன ஆடா இருந்தா என்ன, ஏறிப் போறதுதான" என்றான். "அப்ப ஒனக்குக் கொழம்புல கல்லு போடுறேன், தின்னு" என்றாள். இதில் வேடிக்கை, அன்றைக்கு அடுப்பில் கொதித்ததும் ஆட்டுக்கறிதான், அதை எடுத்துச் சொல்கிற தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை.

மறுநாள் அவளே ஒரு வழி சொன்னாள். ஆட்டுக்கு முன்பே வருகிற வாய்க்காலுக்குப் பாலமாகப் போடுகிற வேலமரத்துக் கொப்பு இருக்கிறதே, அதைக் கொண்டுவந்து ஆட்டுக்குத் தின்னக் குழையாகப் போட்டுவிட்டுப் போவோம் என்றாள். திரும்பத்தான் முடியாதே, முதலிலிருந்து ஆரம்பித்தேன். பாலம் போடாமல் கொப்பைக் கையில் வைத்துக்கொண்டே வாய்க்காலைத் தாண்ட வேண்டும், அந்தப் பிள்ளை விழுந்த விழுகையைப் பார்த்திருந்தால் நீயே என்னை வேலையை விட்டு நிறுத்தியிருப்பாய். ஒருவழியாகக் கொண்டுபோய் ஆட்டுக்கு முன்னால் போட்டேன். அம்மா டேப்புக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆடு காதை ஆட்டியது, காலை மாற்றி வைத்தது, கொப்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குழைக்கு வாய் வைக்காத ஆட்டை நம் பக்கத்தில் நீதான் முதலில் வளர்த்திருக்கிறாய். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. "நம்ம பிரியாவுக்கு வேல சாஸ்தி, மறந்துருப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஆகையால் என் தீர்ப்பு, ஆட்டை எடுக்காதே. கல்லை வைத்திருந்தால் நாங்களும் பாண்டி மாதிரி ஒரே நாளில் முடித்து மறுநாளே மறந்திருப்போம். ஆனால் உங்கள் ஆபீஸ்காரர்களையும் திட்டாதே, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இப்போது அது காது வைத்த கல்லாகத்தான் நிற்கிறது, பிறகு யார் திரும்பிப் பார்ப்பார்கள். அதை அக்கரைக்குக் கூட்டிப் போகவும் வழி வேண்டாம், திரும்பி வரவும் வழி வேண்டாம். கொப்பைப் போட்டால் தின்னட்டும், அது போதும். நீ முதல் தடவை கிளம்பியபோது அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பஸ் நகர்ந்த பிறகும் அம்மா ஜன்னலோடு நடந்து வந்து கடைசி இட்லியை உன் வாயில் வைத்துவிட்டுத்தான் நின்றாள், ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, என்னோடு பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டாள். விட்டுவிட்டு வர அவளுக்குத் தெரியும், தின்றதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

உன் மனசு போல எல்லாம் கூடிவரும், தைரியமாகப் பேசு, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. தபால் வந்து சேர்வதற்குள் மாதம் முடிந்துவிடும் என்பதால் பக்கங்களைப் போட்டோ எடுத்தும் அனுப்புகிறேன். டேப் அந்த ஆட்டு இடத்திலேயே நிற்கிறது, சார்ஜ் இறங்காமல் அம்மா பார்த்துக்கொள்கிறாள். மறக்காமல் நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
இரண்டாவது லெவலில் நிற்கும் உன் அப்பா
சோணைமுத்து