ஆறு கோலி அதிகம்

கெர் தெனாபா, காம்பியா
வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பிறகு

அன்பு மகள் யாந்தேவுக்கு அப்பா எழுதுவது. அல்லாஹ் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த ஸ்வீடன் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் துஆ செய்கிறோம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தைப் பாதிக்கு மேல் உன் அம்மாவே தேய்த்துத் தீர்த்துவிட்டாள். தேர்தலுக்காக வீடு வீடாக நடந்த கால் அல்லவா, கேட்டால் முறைக்கிறாள். இந்த வருடம் நிலக்கடலை நன்றாக விளைந்திருக்கிறது, வறுத்து ஒரு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

நீ போனில் அம்மா ஜெயித்துவிட்டாள் என்று கேட்டதும் கத்திய கத்தல் பக்கத்து வீட்டுக்கே கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன், பதறாமல் படி. வாக்குப்பதிவு அன்று காலையிலேயே போலீஸ்காரர் வந்து என் சைக்கிள் கடையைச் சாத்தச் சொல்லிவிட்டார். ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே எவனாவது பெல் அடித்துப் பார்த்தால் உள்ளே டிரம்மில் ஓட்டுக் கோலி விழுந்தால் அடிக்கும் மணி என்று குழம்பிவிடுவார்களாம். வேலை இல்லாதவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு, நாள் முழுக்க அத்தாயா டீயைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டு மணிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் உள்ளே போனால் ஒரு மணி, அடுத்த ஆள் போனால் அடுத்த மணி. ஆரஞ்சு டிரம் உன் அம்மாவுடையது, பழுப்பு டிரம் எதிர்த்து நின்ற அன்சுமானா சன்யாங்குடையது, சத்தத்தை வைத்து எது என்று சொல்ல என்னாலேயே முடியவில்லை, அந்த மட்டில் நல்ல ஏற்பாடுதான்.

சாயங்காலம் எல்லோர் முன்னாலும் எண்ணினார்கள். சீக்கிரம் முடியட்டும் என்று ஆளுக்கொரு குழித்தட்டு, அம்மாவுக்குப் பழையது, அவனுக்குப் புதுசு, ஒரு தட்டுக்கு இருநூறு குழி, குழி எல்லாம் நிறைந்தால் இருநூறு ஓட்டு, கொட்டிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். அம்மாவுக்கு இரண்டு முழுத் தட்டும் முப்பத்தொன்றும், சன்யாங்குக்கு இரண்டு முழுத் தட்டும் இருபத்தொன்பதும். இரண்டே ஓட்டில் ஜெயித்தாள். பெண்கள் எல்லாம் சட்டியைத் தட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். போன மழையில் நெல்வயலுக்குப் போகும் ஓடையில் நம் தெரு சினாபுவைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதே, அங்கே ஒரு நடைபாலம் வேண்டும் என்றுதானே இவளைப் பிடித்துத் தேர்தலில் நிறுத்தினார்கள். அந்த நேரம் பார்த்துத் தேர்தல் அதிகாரியம்மா பட்டியலைக் கூட்டிப் பார்த்துவிட்டு, வந்த ஆட்கள் எண்ணூற்று ஐம்பத்து நான்கு, கோலி மட்டும் எண்ணூற்று அறுபது என்றார். பட்டியலில் ஆறு பேருடைய பேரை அடிக்க விட்டிருப்போம் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். சன்யாங் விடுவானா, அவன் ஜோலா இனம், நாம் செரேர் இனம், மாமன் மச்சான் மாதிரி கேலி பேச உரிமை உள்ளவன். "ஜூஃப் வீட்டுப் பிள்ளைங்க ஏன் இன்னிக்கு விளையாடலன்னு இப்பதானே தெரியுது, கோலி பூரா டிரம்முக்குள்ள போயிடுச்சு" என்றான், உன் அம்மா பிறந்த வீட்டைச் சொல்லி. எல்லோரும் சிரித்தார்கள், உன் அம்மாவும் விடாமல், "ஏண்டா அரிசித் திருடா, உனக்கு ஓட்டு விழுந்ததே எங்க வீட்டுலருந்து திருடிப் போட்ட சோத்துக்காகத்தானடா" என்றாள். ஆனால் அவன் ஆட்களில் சிலர் சிரிக்காமல் அதையே நிஜமாகச் சொல்லிக்கொண்டு போனதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

எனக்கு அந்த ஆறு கோலி மண்டையைக் குடைய ஆரம்பித்துவிட்டது. கையில் ஒரு கோலிக்கு மேல் தருவதில்லை. பையில் ஒளித்துக் கொண்டுபோய்ப் போட்டாலும் மணி இரண்டு தடவை அடிக்கும், அடித்தால் போலீஸ்காரர் பாய்ந்திருப்பார். அடிக்கவே இல்லை, நான்தான் கேட்டுக்கொண்டே இருந்தேனே. பிறகு ஆறு எங்கிருந்து முளைத்தது? மறுநாள் காலையில் சாமான்களை ஏற்ற லாரி வந்தது, ஒரு கை பிடிக்கலாம் என்று போனேன். தட்டு இரண்டையும் வெயிலில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு குளவி வந்து பழைய தட்டையே சுற்றிச் சுற்றி வந்தது, விரட்டினால் திரும்பவும் வருகிறது. இதற்கு இங்கே என்ன வேலை என்று கிட்டே குனிந்து பார்த்தேன். ஓர மூலையில் மூன்று குழிகளை மண்ணால் மெழுகி அடைத்திருக்கிறது, மரத்தின் நிறத்திலேயே, மட்டமாக. காலிக் குழி இருந்தால் கண்ணில் படும், அடைத்த குழியை யார் பார்ப்பார்கள்? சுற்றிலும் கோலி நிறைந்தால் தட்டு நிறைந்த மாதிரிதான் தெரியும்.

யாந்தே, ஒரு பக்கம் நம் வீட்டில் யாரும் கள்ளக்கோலி போடவில்லை என்று சந்தோஷம். அடுத்த நொடியே அந்தப் பழைய தட்டு யாருக்கு வைத்தது என்று நினைவு வந்தது. ஆள் அனுப்பி உன் அம்மாவை வரச் சொன்னேன். ஊருக்கே பெனச்சின் சோறு ஆக்கிக்கொண்டிருந்தவள் கையில் தக்காளி விழுதோடு வந்தாள். அடைத்த குழியை விரலால் கீறிப் பார்த்தாள், நகத்தில் மண் வந்தது. "இது என் தட்டுதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "ரெண்டு தடவ ரொப்புனாங்க" என்றாள். மூன்று குழி, இரண்டு தடவை, ஆறு கோலி, கூட்டல் கழித்தல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேராகப் போய் லாரிக்காரரிடம் இன்ஜினை அணைக்கச் சொன்னாள். அவளுடைய தோழிகள், "உனக்குப் புத்தி இருக்கா, பாலம் வேணாமா, பேசாம மண்ணச் சுரண்டிட்டு ஏத்தி விடுடி" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். "திருடின்னு சொல்றவன் முன்னாடி நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பாலம் கேப்பேன்" என்று சொல்லி உதறிவிட்டாள்.

அதிகாரியம்மா மேலிடத்தில் கேட்டு, சன்யாங்கையும் வரவழைத்து, சீல் வைத்த பையைப் பிரித்துப் புதுத் தட்டில் எண்ணினார்கள். அம்மாவுக்கு நானூற்று இருபத்தைந்து, அவனுக்கு அதே நானூற்று இருபத்தொன்பது. நாலு ஓட்டில் தோற்றுப்போனாள். இப்போது பட்டியலும் கோலியும் சரியாக இருந்தன. சன்யாங் எப்போதும் போல ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கடைசியில் அவள்தான், "என்னடா, ஜோலாவுக்காகக் குளவியே ஓட்டுப் போட்டிருக்கு, ஒரு நன்றி கூட இல்லயா" என்றாள். பாலத்தைப் பற்றிக் கேட்டதற்குப் பார்க்கலாம் என்றிருக்கிறான். பார்ப்பானோ என்னவோ, மழைக்குள் தெரிந்துவிடும்.

நீ எப்போதும் சொல்வாய், கோலியை விட்டுவிட்டுத் தாளுக்கோ மெஷினுக்கோ மாற வேண்டும் என்று. மாறட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும், மெஷினுக்குள் குளவி உட்கார்ந்தால் என்னைப் போன்றவன் குனிந்து பார்க்க முடியுமா? உங்கள் ஊரில் எண்ணுகிறவரை யார் பார்க்கிறார்கள் என்று விசாரித்து எழுது. இங்கே எண்ணுவதற்கு முன் ஒவ்வொரு குழியிலும் இரண்டு கட்சிக்காரரும் விரல் விட்டுப் பார்க்க வேண்டும், பட்டியலும் கோலியும் ஒத்துப்போகாமல் முடிவைச் சொல்லவே கூடாது என்று அம்மாவும் சன்யாங்கும் சேர்ந்து தேர்தல் ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். போன தேர்தலிலும் இதே தட்டா, அப்போது எத்தனை குழி அடைந்திருந்தது, யார் ஜெயித்தது என்றெல்லாம் இப்போது எனக்கு யோசனை ஓடுகிறது.

அம்மா வெளியே சிரித்துப் பேசுகிறாள், வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஓடைப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு வருகிறாள், எனக்குப் பார்க்க மனசு தாங்கவில்லை. நீ போன் செய்யும்போது பாவம் என்று மட்டும் சொல்லிவிடாதே, அவளுக்குப் பிடிக்காது. அல்லாஹ் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் நல்ல உடம்பும் தரட்டும், சீக்கிரம் உன் மடி நிறையட்டும். ஒன்றை மறந்துவிடாதே, உன் அம்மா ஜெயித்தாள் என்று அங்கே எத்தனை பேரிடம் சொன்னாயோ அத்தனை பேரிடமும் போய், தோற்றுவிட்டாள் என்று உன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். எப்படித் தோற்றாள் என்பதையும் சேர்த்துச் சொல்.

உன் அப்பா,
லத்தீர் ஃபாய்